கட்டைவிரலின் வேலை

பதினான்கு வயதில் எனக்கு ஒரு கிட்டார் கிடைத்தது. எனக்கென்று வாங்கியதல்ல. அண்ணன் ஆசையாக வாங்கி, இரண்டு மாதம் வாசித்து, விரல் நுனி வலிக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்ட கிட்டார். நான் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டே எங்கள் ஊர்க் கோயிலின் பாடற்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே புல்லாங்குழலுக்கு ஒரு மாமா, வயலினுக்கு இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள். மாஸ்டர் என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பிள்ள, நீ கார்டு மட்டும் பிடிச்சாப் போதும். பாட்டு மேல ஏறாத."

பதினொரு வருடம் கார்டு பிடித்தேன். பாட்டின் மேல் ஏறவில்லை.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த மாஸ்டர் அல்ல, நான்தான். கல்லூரி முடித்த பிறகு ஐரோப்பியச் சேம்பர் இசையைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். சேம்பர் என்றால் அறை. பெரிய அரங்கும் நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவும் இல்லாமல், ஒரு வீட்டு அறையில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பதற்காக எழுதப்பட்ட இசை. அதில் கிட்டாரும் புல்லாங்குழலும் தந்தி வாத்தியங்களும் சேரும் படைப்புகள் என்னை இழுத்தன. அவற்றில் ஒன்றை நாலைந்து வருடமாகக் கேட்டேன், ரசித்தேன், அதைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்புகூட எழுதினேன். எழுதியதைப் பின்னால் படித்தபோதுதான் உறைத்தது. புல்லாங்குழலைப் பற்றி இருந்தது. செல்லோவைப் பற்றி இருந்தது. கிட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை. கிட்டார் வாசிக்கிற ஒருத்தி கிட்டாரைக் கேட்கவே இல்லை.

அந்தப் படைப்பு என்னிடம் வந்தது ஷூபர்ட்டின் பெயரில். புல்லாங்குழல், கிட்டார், வயோலா, செல்லோ ஆகிய நான்குக்கான குவார்டெட், டி 96. அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பெயர் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1918இல் ஷூபர்ட்டின் கையெழுத்தில் ஒரு பிரதி கிடைத்தது. 1814 பிப்ரவரித் தேதியிட்டது. அப்போது அவருக்குப் பதினேழு வயது. இசை உலகம் மகிழ்ந்தது. 1926இல் ஷூபர்ட்டின் கிட்டார் குவார்டெட் என்று அச்சாகி வந்தது. ஐந்து வருடம் கழித்து, 1931இல், கோபன்ஹேகனில் ஒரு பழைய அச்சுப் பிரதி கிடைத்தது. வென்செல் மட்டியேக்கா என்பவர் எழுதி 1807இல் வியன்னாவில் வெளியான நாக்டர்னோ, ஓபஸ் 21. புல்லாங்குழல், வயோலா, கிட்டார் மூன்றுக்குமானது. ஷூபர்ட் செய்தது, அதற்கு ஒரு செல்லோவைச் சேர்த்து, மற்ற பாகங்களைக் கொஞ்சம் மாற்றி, மினுவெட் நடனத்தில் புதிதாக ஒரு துண்டு எழுதிச் சேர்த்ததுதான்.

மட்டியேக்கா பொகீமியாவில் 1773இல் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு வியன்னாவுக்கு வந்து கிட்டாரும் பியானோவும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். பின்னாளில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். ஆக அவரும் ஒரு மாஸ்டர்தான். உண்மை தெரிந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த இசை பல இடங்களில் ஷூபர்ட்டின் பெயரில்தான் விற்கிறது. என் பிரதியிலும் அப்படித்தான் இருந்தது. பெயர் அழிக்கப்பட்டவர் இங்கே ஓர் ஆண் என்பதை நான் மறைக்கவில்லை. அழிக்கப்படும் முறைதான் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. ஒருவர் சமைத்ததில் இன்னொருவர் தாளித்துக் கொட்டுகிறார், சாப்பிட்டவர்கள் தாளித்தவரைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

சரி, தாளிப்பு என்ன செய்தது? முதலில் மூல வடிவத்தைக் கேட்க வேண்டும். அன்றைய கிட்டார் இன்றையதைவிடச் சின்ன உடம்பு கொண்டது. உச்சத் தந்திகள் மிருகக் குடலில் முறுக்கியவை. சத்தம் குறைவு. அதோடு சேர்ந்த புல்லாங்குழலும் இன்றைய உலோகக் குழல் அல்ல. மரக்குழல், தணிந்த குரல். வயலினுக்குப் பதிலாக வயோலா என்பதும் யோசித்துச் செய்தது. கீச்சென்று மேலே போகாமல் நடுவில் நிற்கிற குரல் அது. மூன்றும் ஒன்றையொன்று மூழ்கடிக்காத அளவில் இருந்தன. இந்த மூவரில் கிட்டார் என்ன செய்கிறது? கட்டைவிரல் கீழே பேஸ் சுரங்களைப் போடுகிறது. மற்ற மூன்று விரல்களும் நடுவில் கார்டுகளைப் பிரித்துப் பிரித்து ஓடவிடுகின்றன. அதாவது தரையும் அதுதான், சுவரும் அதுதான். மேலே புல்லாங்குழல் உலாவுகிறது, வயோலா சில இடங்களில் கூடப் போகிறது, சில இடங்களில் தனியாகப் பாடுகிறது.

நம்மிடம் பக்கவாத்தியம் என்று ஒரு சொல் இருக்கிறது. அது இங்கே முழுக்கப் பொருந்தாது. பக்கவாத்தியக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு; அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவருக்கென்று ஒரு நேரம் வரும். இந்தக் கிட்டார் வேலைக்குச் சரியான சொல் வீட்டு வேலை. செய்தால் தெரியாது, நின்றால் தெரியும். கிட்டாரை மட்டும் எடுத்துவிட்டு அந்த நாக்டர்னோவை மனதில் வாசித்துப் பாருங்கள். புல்லாங்குழல் அந்தரத்தில் தொங்கும்.

பதினேழு வயதுப் பையன் ஷூபர்ட் செல்லோவைக் கொண்டுவந்தபோது கீழே உள்ள பேஸ் வேலையில் பெரும்பகுதி செல்லோவுக்குப் போனது. நல்லதுதானே, பாரம் குறைந்ததே என்று முதலில் நினைத்தேன். கட்டைவிரலுக்கு ஓய்வு. ஆனால் கேட்கக் கேட்க வேறு ஒன்று புலப்பட்டது. பாரம் இறங்கியது, இடம் கிடைக்கவில்லை. செல்லோ பேஸை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், வாய்ப்பு வந்த இடத்தில் மெட்டையும் எடுத்துக்கொண்டு பாடுகிறது. மிக அழகாகப் பாடுகிறது, அதையும் சொல்ல வேண்டும்; 'லெண்டோ எ பதெத்திகோ' என்ற மெதுவான பகுதியில் செல்லோ நுழையும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். ஆனால் கிட்டார் மூன்று பேர் இருந்தபோது வீட்டைத் தாங்கியது. நான்காவது ஆள் வந்ததும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிட்டது. மருமகள் வந்ததும் அடுப்படியை இழந்த மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். வேலை போய்விட்டது, அந்த வேலையால் வந்த கொஞ்ச அதிகாரமும் போய்விட்டது, முன்னறையில் நாற்காலி மட்டும் போடப்படவில்லை. என் பழைய குறிப்பில் கிட்டாருக்கு ஒரு வரி இல்லாமல் போனதற்கு என் காது பாதிக் காரணம் என்றால், மறுபாதி இந்த ஏற்பாடு.

இதற்கு எதிர்த் திசையில் போன ஒருவர் அதே வியன்னாவில் இருந்தார். இத்தாலியிலிருந்து 1806இல் வந்து சேர்ந்த மௌரோ ஜூலியானி. கிட்டாரில் அன்றைக்குப் பெரிய பெயர். புல்லாங்குழலுக்கும் கிட்டாருக்கும் அவர் எழுதிய 'கிராண் துவெட்டோ கொன்செர்டாந்தே', ஓபஸ் 85, அந்தக் காலத்தின் நியாயமான ஒப்பந்தம் என்பேன். இருவரும் முறை மாற்றிக்கொள்கிறார்கள். கிட்டார் மெட்டை எடுக்கும்போது புல்லாங்குழல் ஒதுங்கி இடம் கொடுக்கிறது. இதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து விரலில் வாசித்துப் பார்த்தேன். அங்கேதான் சிக்கல் பிடிபட்டது.

புல்லாங்குழல் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தர முடியும். அதனால் கார்டு பிடிக்க முடியாது. கிட்டாரின் முறை வரும்போது புல்லாங்குழல் செய்ய முடிந்த உதவி, மேலே சின்னச் சின்னக் கோலம் போடுவது. தரை போட அதனால் ஆகாது. ஆகவே கிட்டார் மோதிர விரலில் மெட்டைப் பாடிக்கொண்டே கட்டைவிரலில் பேஸையும் நடத்த வேண்டியிருக்கிறது. பாட வரும்போதும் வீட்டு வேலையைக் கையோடு கொண்டுவர வேண்டும். குழலின் முறையில் குழல் பாடுகிறது, கிட்டார் வேலை செய்கிறது. கிட்டாரின் முறையில் கிட்டார் பாடுகிறது, கிட்டாரே வேலையும் செய்கிறது. சமபங்கு என்று முகப்பில் எழுதியிருக்கும் ஒப்பந்தத்தின் உள்ளே இருப்பது இதுதான். சம்பளத்துக்குப் போய்விட்டு வந்து குக்கர் வைக்கும் எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலியானியைக் குறை சொல்லவில்லை. வாத்தியங்களின் உடற்கூறு அப்படி. ஆனால் எந்த வாத்தியம் யார் கையில் தரப்பட்டது என்பது உடற்கூறு அல்ல.

ஐரோப்பாவில் நெடுங்காலம் புல்லாங்குழல் பெண்களுக்கு ஆகாத வாத்தியம். 1722இல் லண்டனில் இளம்பெண்களின் நடத்தை பற்றி ஒரு நூல் எழுதிய ஜான் எஸ்ஸெக்ஸ் என்ற நடன ஆசிரியர், வயலினையும் ஓபோவையும் புல்லாங்குழலையும் பெண்கள் தொடாமல் இருப்பது நல்லது என்றார். குழல் ஊதினால் செரிமானத்துக்குத் தேவையான உமிழ்நீர் வீணாகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சிக்கில் சகோதரிகளின் புல்லாங்குழலை ரேடியோவில் கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. (அவர்கள் சாப்பிட்டது செரிக்காமலா அத்தனை வருடம் வாசித்தார்கள்?) உமிழ்நீர் ஒரு சாக்கு. வாய் குவிந்து, முகம் கோணி, மூச்சு தெரிய ஒரு பெண் சபையில் உட்காரக்கூடாது என்பதுதான் விஷயம். லூட், ஹார்ப்ஸிகார்ட், பின்னாளில் கிட்டார், பியானோ எல்லாம் ஏற்புடையவை ஆனதற்கும் அதுவே காரணம். முகம் அமைதியாக இருக்கும், கை அழகாக இருக்கும், சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகாது.

எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரவேற்பறையில் ஒருவர் குழல் ஊத ஒருவர் கிட்டார் மீட்டினால், ஊதுபவர் ஆண், மீட்டுபவர் பெண் என்று இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. மேலே ஓடும் மெட்டு யாருடையது, கீழே போடும் தரை யாருடையது என்பது நோட்டுப் புத்தகத்தில் மட்டும் தீர்மானமான விஷயம் அல்ல.

அப்படி ஒரு தம்பதி நிஜமாகவே இருந்தார்கள். அந்தப் பெண்ணை உலகம் அறிந்த பெயர் மேடம் சிட்னி பிராட்டன். அவருடைய பெயர் காத்தரினா யோசெஃபா பெல்சர். ஜெர்மனியில் பிறந்தவர், அப்பா ஃபெர்டினான்ட் பெல்சர் கிட்டார் ஆசிரியர். சிறுமியாக லண்டனுக்கு வந்து மேடையேறினார். ஜூலியோ ரெகோண்டி என்ற இன்னொரு மேதைச் சிறுவனோடு சேர்ந்து வாசித்தபோது, சபையோருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இரண்டு பிள்ளைகளையும் மேஜை மேல் ஏற்றி உட்காரவைத்தார்கள் என்று சொல்வார்கள். 1854இல் ராபர்ட் சிட்னி பிராட்டனை மணந்தார். அவர் லண்டனின் முதன்மையான புல்லாங்குழல் கலைஞர்களில் ஒருவர். குழலின் அமைப்பைத் திருத்தி அவர் உருவாக்கிய மாதிரி அவர் பெயரிலேயே விற்றது. 1868இல் அவர் இறந்தார். அவள் 1895 வரை இருந்தாள். கணக்குப் போட்டால் பதினான்கு வருடத் திருமணம், நாற்பத்தொரு வருடப் பெயர்.

'அவள்' என்று எழுதிவிட்டேன். இந்தப் பெண்ணைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மரியாதை விகுதி நழுவி, வீட்டில் ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல ஆகிவிடுகிறது. இருக்கட்டும்.

காத்தரினாவை எளிதில் பலியாள் ஆக்கிவிட முடியாது. விக்டோரியா ராணியின் மகள் இளவரசி லூயிஸ் அவளிடம் கிட்டார் படித்தாள். நூற்றுக்கணக்கான சிறு படைப்புகள் எழுதினாள், பலவற்றைத் தானே பதிப்பித்தாள். பாடநூல்கள் எழுதினாள். கணவன் பெயர் அவளுக்கு ஒரு கடைப் பலகையும்கூட. அதைத் தொங்கவிட்டு இருபத்தேழு ஆண்டு விதவை வாழ்க்கையில் சொந்த உழைப்பில் நின்றாள். அந்தப் பெயரை அவள் சுமந்தாளா, பயன்படுத்தினாளா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

எனக்குச் சங்கடம் தருவது இன்னொன்று. கிட்டாரின் ஆறு தந்திகளையும் ஈ மேஜர் கார்டுக்கு ஏற்பச் சுருதி மாற்றி வைத்துக்கொண்டு வாசிக்க அவள் ஒரு பாடநூல் எழுதினாள். அப்படி வைத்தால் இடது கையை வைக்காமலே தந்தி முழுவதையும் வருடினால் ஒரு முழு கார்டு ஒலிக்கும். அதிகம் பயிற்சி எடுக்க நேரமோ ஆசையோ இல்லாத சீமாட்டிகளுக்கு வசதி. பாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கார்டு போதும் என்பவர்களுக்கு வழி. ஜூலியானியின் கடினமான படைப்புகளை மேடையில் வாசிக்கத் தெரிந்த ஒருத்தி, பெண்களுக்கு 'நீ கார்டு மட்டும் பிடிச்சாப் போதும்' என்று பாடநூலே எழுதிவிட்டாளே என்று முதலில் கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபம் பாதிதான் இருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் கேட்டதை அவள் விற்றாள். அதில் வந்த காசில் கடினமானவற்றையும் உயிரோடு வைத்திருந்தாள். லண்டனில் கிட்டாருக்கு மதிப்புக் குறைந்துபோன அந்த ஆண்டுகளில் வாத்தியத்தைக் கைவிடாமல் அடுத்த தலைமுறைக்குத் தந்த கைகளில் அவளுடையது முக்கியமானது. ஆனாலும் கிட்டார் என்றால் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்ற பெயர் நிலைத்ததில் அந்தப் பாடநூலுக்கும் பங்கு உண்டு. மீதிப் பாதிக் கோபத்தை நான் விடப்போவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் இந்த வாத்தியக் கூட்டத்துக்கு எழுத ஆரம்பித்தார்கள். எலிசபெத் லட்யன்ஸ் 1955இல் வயலின், கிட்டார், செல்லோவுக்கு நாக்டர்ன்கள் எழுதினார். புதுதில்லியைக் கட்டிய கட்டடக் கலைஞரின் மகள். நான்கு பிள்ளைகளை வளர்த்து, வருமானத்துக்காகத் திகில் படங்களுக்கு இசை போட்டு, நடுவில் தனக்கான இசையை எழுதியவர். ஸ்காட்லாந்தின் தியா மஸ்கிரேவ் 1966இல் புல்லாங்குழல், வயலின், கிட்டாருக்கு எழுதிய படைப்புக்கு 'சொனாட்டா ஃபார் த்ரீ' என்று பெயர் வைத்தார். மூவருக்கு என்று மட்டும் சொல்லும் பெயர். பழைய அச்சுப் பிரதிகளின் தலைப்பில் 'கிட்டார் துணையுடன்' என்று அத்தனை முறை பார்த்த பிறகு அந்தப் பெயரைப் படித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது.

எனக்கு மிக நெருக்கமானது சோஃபியா குபைதுலினாவுடையது. 1931இல் பிறந்து 2025இல் மறைந்த இந்த ரஷ்ய இசையமைப்பாளர், எண்பது வயதை ஒட்டி, வயோலா, டபுள் பேஸ், இரண்டு கிட்டார் ஆகியவற்றுக்கு 'சொட்டோ வோச்சே' எழுதினார். தணிந்த குரலில் என்று பொருள். கிட்டாரின் சத்தம் போதவில்லை என்பது இருநூறு வருடப் புகார். தீர்வாகப் பெரிய கிட்டார் செய்தார்கள், தந்தியை மாற்றினார்கள், மைக் வைத்தார்கள். இந்த அம்மா மற்றவர்களைக் கிட்டாரின் அளவுக்கு இறங்கி வரச் சொல்கிறார். டபுள் பேஸ் போன்ற ராட்சதனும் முணுமுணுக்க வேண்டும். கிட்டார் கத்தக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கிட்டாரின் அடக்கத்தைப் பெண்மையின் பெருமையாகப் பாடும் எழுத்துகளும் உண்டு. 'தன்னை மறைத்துப் பிறரைத் தாங்கும் தியாகம்' என்கிற வகை. அது எனக்கு வேண்டாம். பின்வரிசையில் பதினொரு வருடம் உட்கார்ந்தபோது நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. முன்னால் வர யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் மட்டியேக்காவின் மூல வடிவத்தை, செல்லோ இல்லாமல், என் வீட்டில் வாசித்துப் பார்த்தோம். வயோலாவுக்கு, சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசிக்கும் ஒரு தோழி. புல்லாங்குழலுக்கு அவளிடம் நோட்டு படிக்கக் கற்ற ஒரு கல்லூரி மாணவி. உலோகக் குழல், நல்ல மூச்சு. மெதுவான பகுதிக்கு வந்ததும் நான் காணாமல் போனேன். எனக்கே என் கட்டைவிரல் கேட்கவில்லை.

"அக்கா, நீங்க இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்களேன்" என்றாள் அந்தப் பெண்.

"இதுக்கு மேல போகாதும்மா. இது இவ்வளவுதான்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாதி மூச்சில் தொடங்கினாள். தோழி வில்லின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். நாலைந்து அடி போனதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ இடித்தது, நிறுத்திவிட்டோம். சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அதையும் யாரும் கேட்கவில்லை.

எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்தேன். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.